ஆயில் பம்ப்: பழசே ஓடுமா, புதுசு போடணுமா?

சேலத்து நண்பர் | 2024 ஜூன் 8, சனி, மாலை 6.15

இன்ஜின் முன்பக்கம் பிரித்தாச்சு என்றால், இன்ஜினுக்குள் ஆயிலைத் தள்ளும் ஆயில் பம்பை அளந்து பார்ப்பது, நகத்தால் சுரண்டிப் பார்ப்பது எல்லாம் வெட்டி வேலை. கழற்றினதைத் திரும்ப மாட்டாதீர்கள். புதுசு போடுங்கள். மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜினையே கோட்டைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து நாலு பேர். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

ஜூன் 8, சனி, இரவு 10.40

எனக்கு உண்டு, சேலத்து நண்பரே. அதுவும் இன்றைக்குத்தான் கேட்க வேண்டுமா? என் மாருதி ஜென் கார் நீலசந்திராவில் ஒரு சந்துக்குள் முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பம்ப் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பழைய பேப்பர் மேல் இருக்கிறது. வீட்டம்மா ஊருக்குப் போயிருப்பதால் மேஜைக்கு ஆட்சேபம் இல்லை.

வண்டி 1998 மாடல், கார்புரேட்டர், 1,38,000 கிலோமீட்டர். ஜூன் 2 ஞாயிறு பெங்களூரில் கொட்டிய மழை தெரிந்திருக்கும். டிரினிட்டி சர்க்கிளில் அரை மணி நேரம் நகராமல் நின்றபோது, ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஆயில் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைகிறது, விட்டால் மறுபடி சிமிட்டல். அல்சூர் வீடு வரைக்கும் ஒரு காலால் பிரேக்கும் இன்னொரு காலால் ஆக்சிலேட்டருமாக வந்து சேர்ந்தேன். இது தப்பு, வண்டியை அங்கேயே அணைத்திருக்க வேண்டும். அந்த மழையில் யார் அணைப்பார்?

நீலசந்திரா மெக்கானிக் பாய் பார்த்துவிட்டுச் சொன்னது: "கிராங்க் முன்சீல் கசியுது சார். டைமிங் பெல்ட்டும் காலாவதி. சீல் பம்ப் பாடியிலேதான் உட்கார்ந்திருக்கு. சம்ப்பையும் இறக்கிடலாம், கேஸ்கட் அழுவுது." (கிராங்க் இன்ஜினின் சுழலும் தண்டு. சீல் அதன் நுனியில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம். சம்ப் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. கேஸ்கட் இணைப்பில் கசியாமல் வைக்கும் தகடு.) அப்படித்தான் பம்ப் கைக்கு வந்தது. பம்புக்காக யாரும் எதையும் பிரிக்கவில்லை.

பாயும் சேலத்து நண்பர் கட்சிதான். நான் அளந்து பார்க்கிற கட்சி. நாளை பார்ப்போம்.

ஜூன் 9, ஞாயிறு, காலை 11.20

அளந்தாச்சு.

தெரியாதவர்களுக்கு: ஜென்னின் இந்த ஜி10 இன்ஜினில் பம்ப் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு பூ மாதிரி ரோட்டர், அதைச் சுற்றி ஒரு பல் கூடுதலாக உள்ள வெளி ரோட்டர். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு சுற்றும்போது ஒரு பக்கம் இடம் விரிந்து ஆயிலை இழுக்கும், மறுபக்கம் இடம் சுருங்கித் தள்ளும். மேலே ஒரு தகடு மூடி. அந்தத் தகட்டின் திருகுகளைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் தொடாதீர்கள், தலை வழுக்கிவிடும். இம்பாக்ட் டிரைவரை வைத்து ஒரு தட்டு, அவ்வளவுதான்.

சுசூகி புத்தகம் சொல்லும் வரம்பு இரண்டே. வெளி ரோட்டருக்கும் பாடிச் சுவருக்கும் நடுவே 0.31 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ரோட்டரின் மேல்முகத்துக்கும் பாடி விளிம்புக்கும் நடுவே 0.15க்கு மேல் போகக்கூடாது.

ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடுகளை இடுக்கில் நுழைத்துப் பார்த்ததில் என்னுடையது: சுவர்ப் பக்கம் 0.20. மேல் பக்கம் 0.10. ஒரு சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். ஆக என் பம்பின் மேல் இடைவெளியில் ஒரு தாள் நுழைகிறது, ஒன்றரைத் தாள் நுழைந்தால்தான் அவுட். ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பாடிச் சுவரில் வட்டமாகக் கோடுகள் இருக்கின்றன, ஆனால் நகம் மாட்டவில்லை.

ஜூன் 9, ஞாயிறு, பிற்பகல் 3.05

ஜெயிக்கவில்லை.

மேல் இடைவெளிக்கு விளிம்பின் குறுக்கே எதை வைத்து அளந்தாய் என்று ஹொசூர் நண்பர் ஒரே ஒரு வரியில் கேட்டார். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்டீல் ஸ்கேல். அதை வெளிச்சத்துக்கு எதிரே கண்ணாடி மேல் நிறுத்திப் பார்த்தேன், நடுவில் லேசாகத் தொங்குகிறது. தொங்கின ஸ்கேல் ரோட்டரை நோக்கி இறங்கியிருக்கும், இடைவெளி குறைவாகத்தான் தெரியும்.

அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் முப்பது வருஷம் டூல்ரூம் ஃபிட்டர். அவர் வைத்திருந்த நைஃப் எட்ஜ் (வளைவில்லாத எஃகு நேர்ப்பட்டை) ஒன்று, எண்ணெய்த் துணியில் சுற்றி, துணிக்கு மேல் ஒரு ரப்பர் பேண்ட். ரப்பர் பேண்ட் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. எட்ஜில் ஒரு புள்ளி துரு இல்லை.

மேல் இடைவெளியின் புது அளவு: ஒரு இடத்தில் 0.13, எதிர்ப்பக்கம் 0.14. 0.15 ஃபீலர் தகடு எங்கேயும் நுழையவில்லை. வரம்புக்குள்தான். ஆனால் வரம்பின் வாசற்படியில்.

காலையில் போட்ட 0.10ஐ யாரும் நம்ப வேண்டாம். அழிக்காமல் விடுகிறேன், என் தப்பு அங்கேயே இருக்கட்டும்.

ஜூன் 11, செவ்வாய், இரவு 11.50

இரண்டு நாளாக யோசனை. ஆபீஸ் மீட்டிங்கில் ஒருவர் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார், நான் நோட்டின் ஓரத்தில் மூன்றாம் அடுக்குக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். குறுகிய இடுக்கு வழியாக ஆயில் கசிவது இடுக்கின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, அகலத்தின் மூன்றாம் அடுக்குக்குக் கூடுகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. 0.10 இருந்தது 0.15 ஆனால் கசிவு ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அதனால்தான் "கொஞ்சம்தானே தேய்ந்திருக்கிறது" என்ற பேச்சு பம்பிடம் எடுபடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளின ஆயில், கிராங்கைத் தாங்கும் பேரிங் இடுக்குகளில் தடைபடும்போதுதான் அழுத்தம் வருகிறது. பேரிங் தேய்ந்துபோனால் புதுப் பம்ப் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. மேலே சொன்ன மூன்றாம் அடுக்குக் கணக்கு பேரிங்குக்கும் அப்படியே பொருந்தும்.

சேலத்து நண்பரே, உங்களுக்குத் தெரிந்த அந்த நாலு பேரில் எத்தனை பேர் பேரிங்கைப் பார்த்தார்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை.

ஜூன் 12, புதன், காலை 7.30

"20டபிள்யூ-50 ஊற்று, விளக்கு அணைந்துவிடும்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அணையும். காய்ச்சல்காரனுக்கு ஐஸ் வைத்துத் தெர்மாமீட்டரைக் குறைக்கிற மாதிரி அணையும். கெட்டி ஆயில் இடுக்கில் மெதுவாகக் கசியும், அதனால் அழுத்தம் தெரியும். ஆனால் காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது அதே கெட்டி ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை போய்ச் சேரத் தாமதிக்கும். விற்கப் போகிற வண்டிக்கு ஊற்றுவார்கள். நான் விற்கப் போவதில்லை.

அலுமினியப் பாடி சூட்டில் விரியுமே என்று கேட்டவருக்கு: சரியான கேள்வி. ரோட்டர் இரும்பு, பாடி அலுமினியம். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ரோட்டர் கனம் 10 மி.மீ. என்று வைத்து, 80 டிகிரி சூடு ஏறினால் மேல் இடைவெளி நூறில் ஒரு மி.மீ. கூடும். என் 0.14 சூட்டில் 0.15. வாசற்படியில் நிற்பவனுக்கு இந்தக் கணக்கு தேவைதானா, சொல்லுங்கள்.

ஜூன் 13, வியாழன், இரவு 9.15

பாய் போன் பண்ணினார். சம்ப் இறங்கியிருக்கும்போதே, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் கேப் நாலையும் கழற்றி பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மெழுகு நூல் மாதிரி ஒரு இழை. பேரிங்கில் வைத்து முறுக்கி, திரும்பக் கழற்றி, நசுங்கின அகலத்தை உறையில் இருக்கும் அச்சோடு ஒப்பிட வேண்டும். நாலும் 0.04க்குள். பேரிங் நல்லாயிருக்கிறது. மெயின் பேரிங்கை இன்ஜின் இறக்காமல் பார்க்க முடியாது என்றார், விட்டுவிட்டேன்.

இழையை நசுக்கிப் பார்ப்பதெல்லாம் பாய்க்கு வேடிக்கை. "எங்க உஸ்தாத் சிகரெட் பேப்பர் வெச்சுப் பார்ப்பார் சார், அதுவும் இதே வேலைதான்" என்றார். அதுவும் உண்மைதான்.

ஜூன் 15, சனி, மாலை 5.40

இன்று உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு. டவுன் ஹால் பக்கம் இறங்கி, கலாக்ஷேத்திரா தாண்டி, மினர்வா சர்க்கிள் பக்கமாக நடந்தேன். கடைக்குக் கடை ஏறி இறங்கினேன். ஜென் என்றதும் பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு கடையில் மட்டும் பம்ப் இருந்தது, லோக்கல் கம்பெனி, 1,100 ரூபாய். பெட்டி பளபளவென்று இருந்தது.

பையில் நைஃப் எட்ஜும் ஃபீலர் கேஜும் கொண்டு போயிருந்தேன். "அண்ணா, மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்துக்கிறேன்" என்றேன். கடைக்காரர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். "பம்புக்கு ஜாதகம் பாக்கறியா?" என்று சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தார். புது பம்பாதலால் திருகு சுலபமாகக் கழன்றது.

0.15 ஃபீலர் தகடு கோயில் வாசல் மாதிரி தாராளமாக உள்ளே போனது. 0.20 நுழையவில்லை. நடுவில் 0.17 என்று வைத்துக்கொள்ளலாம்.

அதாவது, பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பம்ப் என் 26 வருஷப் பம்பைவிட தேய்ந்துபோனது! இன்னும் ஒரு சுற்றுகூடச் சுற்றாத பம்ப். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வைக் கழற்றி உருளையைத் துளைக்குள் போட்டால் தன் எடையில் வழுக்கி இறங்க வேண்டும். இது பாதியில் நின்று யோசித்தது. கடைக்காரரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியை வாங்கி ஷெல்ஃபின் மேல்தட்டில் வைத்தார். கீழ்தட்டில் வைத்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும், யாராவது வாங்காமல் தப்பிப்பார்கள்.

சேலத்து நண்பர் கவனத்துக்கு: "புதுசு போடு" என்றால் எந்தப் புதுசு?

ஜூன் 15, சனி, இரவு 11.30

இன்னொரு தப்பு பிடிபட்டது. இந்த முறையும் என்னுடையதுதான்.

பழைய பம்பின் மூடித் தகட்டை இதுவரை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. கழற்றினேன், ஓரமாக வைத்தேன். இப்போது டேபிள் லைட்டில் சாய்த்துப் பிடித்தால் பூ மாதிரி ஒரு வளையம் தெரிகிறது. ரோட்டர் உரசி உரசிப் போட்ட பள்ளம். விரலால் தடவினால் தெரியவில்லை. நகத்தை மெல்ல இழுத்தால் விளிம்பில் 'டிக்' என்று நிற்கிறது. நைஃப் எட்ஜ் வைத்து ஃபீலர் விட்டேன், 0.04 ஃபீலர் தகடு நுழைகிறது.

பாடி விளிம்பில் எட்ஜ் வைத்து 0.14 என்று அளந்தேனே, அந்த அளவு மூடித் தகடு சமதளமாக இருந்தால்தான் சரி. தகட்டில் 0.04 பள்ளம் என்றால் ஆயில் பார்க்கும் உண்மையான இடைவெளி 0.18. வரம்பு 0.15.

இதை எங்கேயும் படித்ததில்லை. படித்தும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அளக்கிறவர்கள் தகட்டையும் அளக்கவும்.

ஜூன் 16, ஞாயிறு, மதியம் 1.00

"மூடித் தகட்டைத் தேய்த்துவிடு" என்று புல்லட் ஆட்கள் எல்லாம் திரண்டு வந்துவிட்டார்கள். தேய்க்கலாம். தடித்த கண்ணாடித் தகடு, அதன்மேல் 600 நம்பர் வாட்டர் பேப்பர், கொஞ்சம் மண்ணெண்ணெய். எட்டு போடுகிற மாதிரி கையை ஓட்ட வேண்டும். பத்து முறைக்கு ஒருமுறை தகட்டைக் கால்வாசி திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் நம் கை அழுத்தும் பக்கம் மட்டும் இறங்கிவிடும். அப்பா இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார், பம்புக்கு இல்லை, அம்மியின் குழவி சமமாக இல்லை என்று அம்மா புலம்பினபோது. குழவியை வாட்டர் பேப்பரில் தேய்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். கையசைவைக் காட்டினார்.

ஆனால் தகட்டைத் தேய்த்தால் 0.04 பள்ளம்தான் போகும். 0.14 அப்படியே நிற்கும். இரண்டையும் குறைக்க வேண்டுமானால் பாடி விளிம்பையும் இறக்க வேண்டும். அந்த முகத்தில் கேஸ்கட், சீல் எல்லாம் ஒரு கணக்கில் உட்கார்கின்றன, அங்கே கைவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தன் அம்பாசிடருக்கு வரம்பு என்ன என்று கேட்ட மைசூர் ஐயாவுக்கு: உங்கள் 1489 சி.சி. இன்ஜின் பிரிட்டிஷ் கம்பெனியான பி.எம்.சி.யின் பி-சீரீஸ் குடும்பம். அதே குடும்பத்து எம்.ஜி.பி. காரின் புத்தகத்தில் ரோட்டர் மேல் இடைவெளி 0.005 அங்குலம், அதாவது 0.127 மி.மீ. வெளி ரோட்டருக்கும் பாடிக்கும் 0.010 அங்குலம். இரண்டு ரோட்டர் முனைகளுக்கு நடுவே 0.006 அங்குலம். பாருங்கள், ஊர் வேறு, காலம் வேறு, எண்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அம்பாசிடர் 2014ல் உத்தர்பாராவில் நின்றுபோனது. உங்கள் வண்டி இன்னும் ஓடுகிறது என்றால் அளந்து பார்ப்பதில் நஷ்டமில்லை ஐயா.

ஜூன் 18, செவ்வாய், இரவு 10.10

கோடுகளைப் பற்றி இரண்டு வார்த்தை.

பம்பில் கோடு விழுந்திருக்கிறது, ஆகவே பம்ப் கெட்டது என்று எழுதுகிறார்கள். ஆயில் போகிற வழியை நினைத்துப் பாருங்கள். சம்ப், அதில் ஒரு வலை, அப்புறம் பம்ப், அதற்கப்புறம்தான் ஃபில்டர். வலை பெரிய துணுக்குகளைத்தான் பிடிக்கும். அதைத் தாண்டி வரும் மணல், கார்பன், உலோகத்தூள் எல்லாம் முதலில் பம்ப் வழியாகத்தான் போக வேண்டும். பம்ப் மொத்த இன்ஜினின் குப்பையையும் பார்த்த முதல் சாட்சி. அதன்மேல் விழுந்த கோடு பம்பின் தப்பு இல்லை. ஆழமான கோடு, நகம் மாட்டுகிற கோடு இருந்தால், பம்பை மாற்றுவதற்கு முன் அந்தத் துணுக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். சம்ப் அடியில் காந்தம் ஓட்டிப் பார்க்கவும்.

நான் ஓட்டினேன். சாம்பல் நிறத்தில் பசை, பளபளப்பு இல்லை. அது போதும்.

அப்புறம் ஒன்று சொல்ல மறந்தேன். சம்ப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). பாய் அதை எடுத்துக் காட்டினார். ரப்பர் இல்லை, கல். வளைத்தால் 'படக்'கென்று இரண்டாக உடைந்தது. அங்கே விரிசல் இருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். இருபது ரூபாய் சமாச்சாரம்.

சேலத்து நண்பர் இதைப் படித்துச் சிரிப்பது இங்கே கேட்கிறது.

ஜூன் 20, வியாழன், காலை 8.05

முடிவு: மாற்றுகிறேன். ஜெனுவைன் பம்ப் ஆர்டர் போட்டாச்சு. 0.18ஐ வைத்துக்கொண்டு இனிமேலும் வாதாடினால் அது வறட்டுப் பிடிவாதம்.

சேலத்து நண்பர் சொன்னதில் ஒன்று முழுக்க நியாயம். பம்ப் மூவாயிரத்துச் சொச்சம். அதை எட்டிப் பிடிக்க ஆன கூலி 4,500. மறுபடி ஒருமுறை கெட்டால் பம்ப் விலை பெரிதல்ல, கூலிதான் பெரிது. கையெட்டும் இடத்தில் இருக்கும் பம்பானால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்திருப்பேன்.

அவர் சொன்னதில் "அளக்காதே" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அளக்காமல் இருந்திருந்தால் சனிக்கிழமை ஜே.சி. ரோட்டில் 1,100 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டியிருப்பேன்.

ஜூன் 22, சனி, இரவு 8.45

பம்ப் வந்தது. மேஜையில் வைத்து முதலில் அளந்தேன். (வீட்டம்மாவும் வந்தாச்சு. மேஜை விவகாரம் தனி.) மேல் இடைவெளியில் 0.05 நுழைகிறது, 0.08 நுழையவில்லை. ரிலீஃப் உருளை வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துத் தகட்டைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். "இரண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றாள். பள்ளத்தில் நகத்தை இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். "அட" என்றாள். மேஜையைப் பற்றிய பேச்சு அப்படியே நின்றது.

மதியம் பாய் மாட்டினார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டியவை.

ரோட்டர் குழியில் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டார். உலர்ந்த பம்ப் முதல் சில நொடிகள் காற்றைத்தான் மெல்லும்.

கிராங்க் நுனியின் முனை கூராக இருக்கும், புதுச் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். கம்பெனியில் இதற்கென்று ஒரு குழாய்க் கருவி உண்டு. பாயிடம் இல்லை. பால் பாக்கெட் பிளாஸ்டிக்கை நறுக்கி, ஆயில் தடவி, நுனியில் சுற்றி, பம்பை அதன் மேல் தள்ளி, பிளாஸ்டிக்கை உருவிவிட்டார். உருவும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும்தான்.

பம்ப் கேஸ்கட்டின் அடி ஓரம் சம்ப் உட்காரும் முகத்துக்குக் கீழே ஒரு நூலளவு நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிளேடால் சமமாக வெட்ட வேண்டும் என்று சுசூகி புத்தகமே சொல்கிறது. சொல்லாமலே பாய் வெட்டினார். வெட்டாமல் விட்டால் அந்த மூலையில்தான் சம்ப் கசியும். என் பழைய கசிவு அந்த மூலையில்தான் இருந்தது. முன்பு மாட்டியவர் வெட்டவில்லை. யார் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு, மாலை 4.20

ஆயில் விளக்கு ஸ்விட்ச்சைக் கழற்றி அந்தத் துளையில் பாயின் நண்பரிடம் இரவல் வாங்கின கேஜை மாட்டினோம். ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துவிட்டு, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, செல்ஃப் மட்டும் அடித்தோம். ஒரு முறை, இரண்டு முறை, முள் அசையவில்லை. மூன்றாம் முறை ஒரு துள்ளு. அப்புறம்தான் பிளக் மாட்டி ஸ்டார்ட்.

குளிரில் சதுர சென்டிமீட்டருக்கு 4.5 கிலோ. இருபது நிமிஷம் ஓட்டிச் சூடேறின பிறகு, ஐடிலில் (ஆக்சிலேட்டர் தொடாமல்) 1.2. மூவாயிரம் சுற்றில் 3.6. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. (ஒரு கிலோ ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ.) என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் மூவாயிரத்துக்கு 30 போதும், இங்கே 50 தாண்டியிருக்கிறது. பாய்க்குத் திருப்தி. எனக்கும். கேஜைக் கழற்றிப் பழைய ஸ்விட்ச்சைத் திரும்ப மாட்டினோம்.

ஜூன் 24, திங்கள், காலை 9.00

"முன்பு எவ்வளவு இருந்தது?" என்று ஹொசூர் நண்பர் கேட்கிறார்.

தெரியாது. பிரிப்பதற்கு முன் கேஜ் மாட்டவில்லை. விளக்கு சிமிட்டியது, வண்டி ஜாக்கியில் ஏறியது. மனுஷன் ஒரே வரியில் கேட்பார், அந்த ஒரு வரி நாள் முழுக்கக் குத்தும்.

ஜூலை 6, சனி, இரவு 9.30

ஓல்ட் மெட்ராஸ் ரோடு, சாயங்காலம், டிராஃபிக். விளக்கு சிமிட்டுகிறது.

வண்டியை உடனே அணைத்தேன். (திருந்திவிட்டேன்.) பாய் ஸ்கூட்டரில் கேஜோடு வந்தார். சூடான இன்ஜின், ஐடில், 1.2 கிலோ. அட்சரம் பிசகாமல் அதே 1.2. அந்த விளக்கு எரிய வேண்டுமானால் அழுத்தம் அரை கிலோவுக்கும் கீழே போக வேண்டும்.

ஸ்விட்ச்சின் ஒயர் சொருகும் வாயில் ஒரு சொட்டு ஆயில் நின்றது. பாய் அதை விரலில் தொட்டு என் முகத்துக்கு நேரே காட்டினார், ஒன்றும் பேசவில்லை. புது ஸ்விட்ச் 180 ரூபாய். மாட்டியதும் விளக்கு கம்மென்று இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு, காலை 10.15

ஆமாம், எல்லோரும் கேட்பது எனக்கும் புரிகிறது. ஆரம்பத்திலிருந்தே ஸ்விட்ச்தானா?

இருக்கலாம். ஜூன் 2 அன்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் விளக்கு அணைந்தது, அது உண்மையிலேயே அழுத்தம் குறைந்த வண்டியின் லட்சணம். ஆனால் நேற்றும் ஆக்சிலேட்டர் கொடுத்தபோது அணைந்தது, அப்போது அழுத்தம் நன்றாகவே இருந்தது. பம்ப் 0.18, அதுவும் நிஜம். ஓ-ரிங் கல்லாகியிருந்தது, அதுவும் நிஜம். மூன்றில் எது விளக்கைச் சிமிட்ட வைத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. 500 ரூபாய் கேஜ் ஒன்று என் டூல் பாக்ஸில் இருந்திருந்தால் பத்து நிமிஷ வேலை. நேற்றே ஒன்று வாங்கிவிட்டேன்.

பழைய பம்பையும் புது ஓ-ரிங்கையும் மாட்டி ஒருமுறை அளந்து பார்க்கலாமா என்று பாயிடம் சும்மா கேட்டேன். "கூலி 4,500 சார்" என்றார்.

சேலத்து நண்பரே, நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று எனக்கே புரியவில்லை. டிரா என்று வைத்துக்கொள்வோம்.

ஜூலை 10, புதன், இரவு 10.00

கோலார் தங்கவயல் நண்பர் ஒருவருக்குப் பழைய பம்ப் வேண்டுமாம். அவருடைய ஜென்னில் பம்ப் பாடி விரிசல் விட்டிருக்கிறது, ரோட்டரும் தகடும் நல்ல நிலையில் இருக்கின்றன. என்னிடம் பாடி நல்லது, தகடு பள்ளம். இரண்டையும் சேர்த்தால் ஒன்று தேறலாம்.

முதலில் கொடுக்க மாட்டேன் என்றேன். தேய்ந்த பம்பை இன்னொருவர் தலையில் கட்டுவதா? அப்புறம் யோசித்தேன். அவர் ரோட்டரை என் பாடியில் போட்டு, அவர் தகட்டை மூடி, அளந்தால் என்ன வரும்? என் 0.14ல் ரோட்டரின் பங்கு எவ்வளவு, பாடியின் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. 0.10க்குக் கீழே வந்தால் எடுத்துப் போகட்டும், காசு வேண்டாம். வராவிட்டால் குஜ்ரிக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போகட்டும். ஒரு அட்டையில் எல்லா அளவையும் எழுதி, பம்பில் நூலால் கட்டி வைத்திருக்கிறேன். அந்த 0.10ஐ அடித்துவிட்டு 0.14 என்று எழுதியதையும் சேர்த்து.

ஞாயிறு மாரிகுப்பம் ரயிலில் வருகிறார். ஃபீலர் கேஜும் ஸ்ட்ரெயிட் எட்ஜும் அவரே கொண்டுவருகிறாராம். இங்கே நாம் எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படித்திருக்கிறார்.